எண்ணப்படாத தலை

நூற்றுப் பதின்மூன்று பேர் கையெழுத்திட்டு உள்ளே போனார்கள். நூற்றுப் பன்னிரண்டு தலைகளே எண்ணப்பட்டன. குறைந்துபோன அந்த ஒற்றைத் தலையின் பொருட்டு, நாளைக் காலை ஒன்பது மணிக்கு ஒரு மனிதர் நீதிபதியின் முன் நின்று, தாம் செய்யாத கொலையைச் செய்ததாக ஒப்புக்கொள்ளப் போகிறார்.

செய்யாத கொலை என்பது அவர் மனைவி லொரீன் வீம்ஸின் சொல். அந்தச் சொல் ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு, சீடர் ராபிட்ஸ் நகரத்துத் துப்பறிவாளர் எமில் ஹவ்லிக் ஒரு வாரமாக இந்தச் சேற்று நிலத்தில் அலைந்துகொண்டிருந்தார். அறுபத்தொரு வயது. இளமையில் குருமடத்தில் பயின்று, குருவாகாமல் வெளியேறியவர். விடியலில் தோத்திரப் பாடல்களை முணுமுணுத்த பிறகே வாயில் காப்பியை வைப்பவர். இன்று காலை முணுமுணுத்த பாடலில் ஆழத்திலிருந்து ஒருவன் கூவினான். மேலேயிருந்து மறுமொழி வந்ததாகப் பாடலில் இல்லை.

மார்ச் மாதத்துப் பனி உருகி, வீம்ஸ் பண்ணையின் முற்றம் கூழாகிக் கிடந்தது. மாட்டுக் கொட்டகையின் வாயிலில் தண்ணீர்க் கேன்கள் வரிசையாக நின்றன. கிணறு கெட்டு நான்கு ஆண்டுகள் ஆயின. குடிநீர் கேனில்தான் வந்தது. உள்ளே லொரீன் நெடுங்கவையால் வைக்கோலை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். நாற்பத்து நான்கு வயதுக்கு மிஞ்சிய நரை.

"வக்கீலப் பார்த்தீங்களா?" என்றாள், திரும்பாமலே.

"பார்த்தோம். நாளைக்கு ஒப்புக்கிட்டா இருபத்தஞ்சு வருஷம். ஒப்புக்காம வழக்கு நடந்து தோத்தா ஆயுசு பூரா. உங்க வீட்டுக்காரர் கர்ட்டிஸ் ஒப்புக்கறேன்னுட்டாராம்."

"அவர் செய்யல."

"பிடிச்ச முதல் ரெண்டு நாள் அவரும் அதைத்தான் சொல்லியிருக்கார். நான் பள்ளிக்கூடத்துலதான் இருந்தேன், கடைசி வரைக்கும் இருந்தேன்னு. மூணாம் நாள்லேருந்து வாயே திறக்கலையாம். ஏன்?"

லொரீன் கவையை மண்ணில் ஊன்றினாள். "நொந்து போயிருப்பாரு."

எமிலின் உதவியாளர் ரோண்டா, சேற்றிலிருந்து தன் காலணியை மீட்கும் பணியை முடித்துவிட்டு உள்ளே வந்தாள். இருபது ஆண்டுகள் நீதிமன்ற எழுத்தராக இருந்து, மேலதிகாரியைப் பற்றி அடித்த ஒரு நகைச்சுவையால் வேலை இழந்தவள். வேலை போயிற்று, நகைச்சுவை போகவில்லை.

"ஆறு பசுவா? ஆறும் நிறைமாசம்!" என்று தடுப்பின்மேல் சாய்ந்தாள். "கல்யாண வீட்ல முன்வரிசைல உக்காந்திருக்கிற அத்தைங்க மாதிரி இருக்குதுங்க. ஒண்ணுகூட இன்னும் இறக்கி வைக்கலையா?"

"ஏப்ரல்ல," என்றாள் லொரீன்.

எமில் தொப்பியை எடுத்தார். "ஒரே ஒரு ஆள் பாக்கி. ஆர்வின் டெட்மர். அன்னிக்குக் கூடத்துல உங்க மூலைக்குத் தலைவர், தலை எண்ணினவர். அவரைப் பார்த்துட்டு வர்றேன்."

"அவரா? அவர்தானே கர்ட்டிஸ் போயிட்டான்னு முதல்ல சொன்னது."

"அதனாலதான் அவரைக் கடைசிக்கு வச்சேன்."

அவர்கள் வெளியேறியபோது லொரீன் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பின்பு வைக்கோலையே அள்ளலானாள்.

*

மார்டன் ஊருக்குள் போகும் சாலை நெடுகத் தேர்தல் பலகைகள் பாதி புதைந்து, பாதி சாய்ந்து கிடந்தன. வேட்பாளர்கள் அயோவாவை விட்டுப் போய் ஒரு மாதமாயிற்று. புன்னகைகள் மட்டும் பனியில் மிச்சமிருந்தன.

"இன்னொரு தடவை சொல்லு," என்றார் எமில்.

"பாஸ், சொல்லிச் சொல்லி எனக்கே வாக்குரிமை வெறுத்துப் போச்சு." ரோண்டா வண்டியைப் பள்ளத்திலிருந்து ஒடித்து மீட்டாள். "சரி. காக்கஸ் நாள், கட்சிக்கு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற நாள். மத்த மாநிலத்துல சீட்டை மடிச்சுப் பெட்டியில போட்டுட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க. நமக்கு அது போதாது. பிப்ரவரிக் குளிர்ல, பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து கூடத்துல, அவங்கவங்க வேட்பாளருக்கு ஒரு மூலைன்னு போய் நின்னு, எதிர் மூலையில நிக்கிற மச்சானை முறைச்சுப் பார்த்தாத்தான் நமக்கு ஜனநாயகம்."

"ஏழு மணிக்குக் கதவு சாத்தியாச்சு."

"நூத்திப் பதிமூணு கையெழுத்து. கர்ட்டிஸ் கையெழுத்தும் இருக்கு. ஏழரைக்குத் தலை எண்ணினாங்க. பேர் எழுதறதில்ல, வெறும் தலைதான். எல்லா மூலையும் கூட்டினா நூத்திப் பன்னெண்டு. அதே ஏழரைக்கு, ஆறு மைல் தள்ளி, எவரெட் க்ரோனோட பன்றிக் கொட்டகையில முதல் நெருப்பைப் பால் லாரிக்காரன் பார்த்தான். கொட்டகையில யாரும் இல்லன்னுதான் எல்லாரும் நினைச்சாங்க. மறுநாள் சாம்பல்ல ஒரு ஆளு."

"எலியாசர்," என்றார் எமில். வழக்கின் ஏடுகளில் அந்தப் பெயரை அவர் ஒரே இடத்தில்தான் கண்டிருந்தார். மற்ற இடங்களிலெல்லாம் 'க்ரோனின் கூலியாள்'.

"க்ரோனோட பன்றிக் கழிவாலதான் கர்ட்டிஸ் கிணறு கெட்டுச்சு. 'ஒருநாள் கொளுத்திடுவேன்'னு தானியக் கிடங்குல வச்சு அவரே கத்தியிருக்காரு. ஒரு தலை குறையுது, ஒரு வாய் நீளுது. ஷெரீஃப் ரெண்டையும் சேர்த்துத் தச்சுட்டாரு."

"கர்ட்டிஸ் நின்ன மூலையில பதினாறு பேர்."

"பதினேழு இருந்திருந்தா அந்த மூலை பிழைச்சிருக்கும். நூத்துக்குப் பதினஞ்சு பேர் சேரலன்னா மூலையைக் கலைச்சிடுவாங்க. பதினாறுன்னதும் கவர்னர் ஹோல்மோட மூலை கலைஞ்சுது. அதுலேருந்து ஊரே கர்ட்டிஸைத் துரோகிங்குது. ஒருத்தனைக் கொன்னான்கிறதைவிட, ஹோல்மைக் கைவிட்டுட்டான்கிறதுதான் இங்க பெரிய குத்தம்."

எமில் சாளரத்துக்கு வெளியே நோக்கினார். அறுவடை முடிந்த சோளக் காட்டில் தட்டைகள் நரைத்து நின்றன. வானும் அதே நிறம். அந்த மூலையில் நின்ற பதினைந்து பேரையும் அவர் கேட்டாயிற்று. கர்ட்டிஸைப் பார்த்த நினைவு உண்டு என்றனர். எந்நேரம் என்றால், ஆர்வின்தான் எண்ணினார், அவருக்குத் தெரியாதா என்றனர்.

*

டார்லாவின் உணவகத்தில் பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரே மேசைதான் நிறைந்திருந்தது. விதைக் கம்பெனித் தொப்பி அணிந்த இரண்டு முதியவர்களுக்கு நடுவே ஆர்வின் டெட்மர் அமர்ந்திருந்தார். எழுபத்தெட்டு வயது, நிமிர்ந்த முதுகு, மேல்சட்டையில் இன்னமும் ஹோல்மின் பச்சைத் தேர்தல் வில்லை.

"உக்காருங்க தம்பி. நீங்களும் உக்காரும்மா. கர்ட்டிஸ் விஷயம்னா நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. ஆனா ஆப்பிள் பை சாப்பிடலாம், இங்க நல்லாச் சுடுவாங்க. ஏய் டார்லா!" அவர் கையை உயர்த்தி, மேசையைச் சுற்றி விரலை ஓட்டினார். "நாலு காப்பி, நாலு ஆப்பிள் பை!"

டார்லா தட்டத்தோடு வந்தாள். ஐந்து கோப்பைகள், ஐந்து துண்டுகள்.

"நாலுதானே கேட்டாரு?" என்றாள் ரோண்டா. "அஞ்சாவது ஊருக்கு நேர்ந்து விட்டதா?"

"இவர் நாலுன்னா அஞ்சும்மா." டார்லா கடைசித் துண்டை ஆர்வினின் முன் வைத்தாள். "முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டினவரு. பிள்ளைங்க தலையை எண்ணி எண்ணியே பழக்கமாயிடுச்சு. டிரைவரை யாரு எண்ணுவா? நானும் இருபது வருஷமா இவர் சொல்றதோட ஒண்ணு கூட்டித்தான் கொண்டாறேன்."

தொப்பிக்காரர்கள் சிரித்தனர். "இவரு பேரன் கல்யாணத்துல இவருக்கே நாற்காலி இல்ல!" என்றார் ஒருவர்.

எமில் சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்த முள்கரண்டி பாதி வழியில் நின்றது.

"ஆர்வின் ஐயா. அன்னிக்குக் கூடத்துல எப்படி எண்ணினீங்க?"

"எப்படின்னா? என் பிள்ளைங்களை எண்ணற மாதிரிதான். எல்லாரையும் சுவரோரமா நிக்க வச்சேன். கதவுப் பக்கத்துலேருந்து ஆரம்பிச்சு, ஒவ்வொருத்தர் தோளையும் தொட்டு, சத்தமா எண்ணினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு... பதினாறு. மறுபடியும் எண்ணினேன். பதினாறு."

"பதினாறாவது தோள் யாரோடது?"

"லூத்தரன் சர்ச் ஆர்கன் வாசிக்கிற பொண்ணு. சுவர் மூலையில நின்னா."

"உங்க தோளை எப்பத் தொட்டீங்க?"

தொப்பிக்காரர்கள் இருவரும் எமிலைத் திரும்பிப் பார்த்தனர்.

"என்ன கேக்கறீங்க?" என்றார் ஆர்வின்.

"ஒண்ணுன்னு சொன்னப்ப உங்க கை யார் தோள் மேல இருந்துச்சு?"

"ஹால்வர்சன் தோள்மேல. அவன்தான் கதவோரமா..." ஆர்வினின் வலக்கை தானாகவே உயர்ந்து, காற்றில் இல்லாத தோள்களைத் தொட்டுத் தொட்டுச் சென்றது. உதடுகள் அசைந்தன. கை ஓரிடத்தில் நின்றது. பின்பு, மெல்லத் திரும்பி வந்து, அவருடைய நெஞ்சின்மேலேயே படிந்தது.

"இல்ல," என்றார்.

அவர் தம் முன் இருந்த ஐந்தாவது துண்டைப் பார்த்தார்.

"இல்ல, இல்ல. நானா? நான் அப்படி... பஸ் வேற, இது வேற. நான்தானே தலைவர்!"

"பதினாறும் ஒண்ணும் பதினேழு," என்றார் எமில் மெதுவாக. "நூத்திப் பன்னெண்டும் ஒண்ணும் நூத்திப் பதிமூணு. அன்னிக்கு அந்தக் கூடத்தை விட்டு யாருமே வெளியில போகல."

ஆர்வின் பச்சை வில்லையைப் பார்த்தார். "பதினேழு இருந்தா நாங்க பிழைச்சிருப்போம். எங்க மூலை... நான் கலைச்சேனா? ரெண்டு மாசமா வீடு வீடா ஏறி இறங்கினேனே. கர்ட்டிஸை நான் சர்ச் வாசல்ல வச்சு எல்லார் முன்னாடியும் யூதாஸ்னு கூப்பிட்டேன், தம்பி. அவன் அம்மா கல்லறை அங்கதான் இருக்கு. அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான்."

"எழுதிக் கொடுப்பீங்களா?"

பக்கத்து முதியவர் ஆர்வினின் முழங்கையைப் பிடித்தார். "யோசிச்சுக்க ஆர்வின். ஊர் உன்னைச் சும்மா விடாது."

"சாகறதுக்குள்ள ஒரு தடவையாவது சரியா எண்ணிட்டுப் போறேனே," என்றார் ஆர்வின்.

ரோண்டா கைப்பையிலிருந்து தாளையும், உறுதிமொழிச் சான்று முத்திரையையும் எடுத்தாள். "நோட்டரி வேலையை மட்டும் அவங்களால பிடுங்க முடியல," என்று எமிலிடம் கிசுகிசுத்தாள். ஆர்வின் கோணலான எழுத்தில் ஒரு பக்கம் எழுதினார். ஒப்பமிட்டுவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"லொரீன் மட்டும் அன்னிக்கு வந்திருந்தா, நான் என்னை மறந்தாக்கூடப் பதினேழு தேறியிருக்கும். அந்த நினைப்புதான் என்னை அரிக்குது. ரெண்டு மாசம் என்கூடக் கதவு தட்டினவ அவ. எந்த வீட்ல எத்தனை ஓட்டு, யாருக்கு வண்டி வேணும், யாருக்கு முட்டி வலி, அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். பாவம், அன்னைக்குன்னு பார்த்து மாடு கன்னு போட ஆரம்பிச்சிடுச்சாம். கர்ட்டிஸ்தான் வந்து சொன்னான்."

எமில் தாளை மடித்து உட்பையில் வைத்தார். மடிக்கும்போதே அவர் முகத்தில் இருந்த ஒளி அணைந்தது. அதை ரோண்டா ஒருத்தியே கண்டாள்.

*

காரில் சிறிது தொலைவு வரை அவள் பொறுத்திருந்தாள்.

"பாஸ், நாம ஜெயிச்சிருக்கோம். ஒரு ஆப்பிள் பைய வச்சு ஒரு கொலை வழக்கையே உடைச்சிருக்கோம். நீங்க என்னடான்னா சவ ஊர்வலத்துல முன்னாடி போற மாதிரி வர்றீங்க."

"ரோண்டா. கொட்டகையில எத்தனை பசு?"

"ஆறு."

"எத்தனை கன்னு?"

வண்டியின் வேகம் தானே குறைந்தது.

"ஏப்ரல்லன்னு சொன்னா," என்றாள் ரோண்டா.

"கர்ட்டிஸ் மேலேயும் மத்தவங்க மேலேயும் இருந்த சந்தேகத்தை இந்தத் தாள் துடைச்சிடுது. அந்தக் கூடத்துல இருந்த நூத்திப் பதிமூணு பேரும் நிரபராதி. அப்ப வெளியில இருந்தவங்கதான் பாக்கி. க்ரோன் மேல கோபம் இருந்து, அன்னிக்குக் கூடத்துக்கு வராம, வராததுக்கு ஒரு பொய்யும் சொன்னது யாரு?"

"கர்ட்டிஸ் வாய மூடின மூணாம் நாள்..."

"அன்னிக்குத்தான் லொரீன் முதல்முறையா ஜெயிலுக்குப் போய் அவரைப் பார்த்திருக்கா. வக்கீல் சொன்னாரு."

"அப்படின்னா நம்மளை எதுக்குக் கூப்பிட்டா?" ரோண்டாவின் குரலில் முதன்முறையாக விளையாட்டு இல்லை. "தன் வீட்டுக்குத் தானே மோப்ப நாய்க்கு வழி காட்டுவாங்களா?"

எமில் மேல்சட்டையைத் தொட்டுப் பார்த்தார். உட்பையில் இருந்த தாள் நெஞ்சில் சுமையாகக் கனத்தது. அதைக் கொடுத்தால் மனைவி அழிவாள். கொடாவிட்டால் கணவன் அழிவான். மூன்றாவது வழியைத் தேடி அவர் உள்ளம் தான் அறிந்த பாடல்களையெல்லாம் தட்டிப் பார்த்தது. எக்கதவும் திறக்கவில்லை.

*

லொரீன் கொட்டகையிலேயே இருந்தாள். வந்தவர்களின் முகத்தைக் கண்டதும் கவையைச் சுவரில் சாய்த்துவிட்டு, கவிழ்த்துவைத்த வாளிமேல் அமர்ந்தாள்.

எமில் ஆர்வின் எழுதியதைப் படித்துக் காட்டினார். அவள் கண்களை மூடிக் கேட்டாள்.

"அப்ப அவர் வெளியில வந்துடுவாரா?"

"வரலாம். ஆனா அந்தக் கூடத்துல யாரும் வைக்கலன்னா, வேற யாரு வச்சதுன்னு கேப்பாங்க. அன்னிக்கு எந்த மாடு கன்னு போட்டுச்சுன்னும் கேப்பாங்க."

பசு ஒன்று பெருமூச்செறிந்தது.

"நான் போகத்தான் இருந்தேன்," என்றாள் லொரீன். "கோட்டெல்லாம் போட்டாச்சு. சாயங்காலம் ரேடியோவுல ஹோல்ம் பேசினாரு. பன்றிக் கழிவுச் சட்டம் இப்போதைக்கு இல்லையாம். க்ரோன் மாதிரி ஆளுங்ககூட மதியச் சாப்பாடு சாப்பிட்டாராம், அவங்க கஷ்டமும் புரிஞ்சுதாம். அந்தச் சட்டத்துக்காகத்தான் நூத்தி நாப்பது கதவைத் தட்டினேன், ஐயா. நாய் கடிச்சிருக்கு, மூஞ்சியில கதவைச் சாத்தியிருக்காங்க. என் கிணத்துத் தண்ணியப் பாட்டில்ல எடுத்துக்கிட்டுப் போய்க் காட்டினேன். கர்ட்டிஸ்கிட்ட மாடு கன்னு போடப் படுத்திருச்சு, நீங்க போங்கன்னேன்."

"கொட்டகை காலின்னு நினைச்சீங்க."

"பன்னிங்களைச் சனிக்கிழமையே லாரியில ஏத்திட்டாங்க. அடுத்த மந்தை வர ஒரு வாரம் ஆகும். அதோட அன்னிக்குக் காக்கஸ். இந்த வட்டாரத்துல யாரு கூடத்துக்குப் போவாங்க, யாரு வீட்ல இருப்பாங்க, யாரு படுக்கையில கிடக்காங்க, ஒவ்வொரு வீடும் எனக்குத் தெரியும். என் பட்டியலை ரெண்டு தடவை பார்த்தேன். அந்தப் பக்கம் ஒரு உயிர்கூட இருக்காதுன்னு உறுதியாத் தெரிஞ்சப்புறம்தான் வண்டியை எடுத்தேன்."

அவள் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டாள்.

"செத்துப்போனவர் அந்தக் கொட்டகையைக் கழுவ வந்தவரு. அங்கேயே ஒரு மூலையில கட்டில் போட்டுக் கொடுத்திருக்கான் க்ரோன். ஓட்டு இல்லாதவரு. அதனால என் பட்டியல்ல இல்ல. ரெண்டு மாசத்துல அந்த வழியா எட்டு தடவை போயிருக்கேன். ஒரு தடவை எனக்குக் கை காட்டினாரு. நானும் காட்டினேன். ஆனா எண்ணல."

ரோண்டா திரும்பி நின்றுகொண்டாள்.

"எங்களை ஏன் கூப்பிட்டீங்க?" என்றார் எமில்.

"வேற யாரையாவது பார்த்ததா யாராவது சொல்லமாட்டாங்களான்னு ஒரு நப்பாசை. அது இல்லன்னா நீங்க என்னைக் கண்டுபிடிச்சிடுவீங்கன்னும் தெரியும். நான் போய் உண்மையைச் சொல்லிடறேன்னு கர்ட்டிஸ்கிட்டச் சொன்னேன். நீ வாயைத் திறந்தா, பக்கக் கதவு வழியா நான்தான் போனேன்னு சத்தியம் பண்ணுவேன்னாரு. அவர் ஒரு தடவை சொன்னா மாறமாட்டாரு." அவள் எழுந்தாள். கையுறைகளைக் கழற்றித் தடுப்பின்மேல் வைத்தாள். "இந்தத் தாளை யார்கிட்டக் கொடுக்கணும்?"

"ஷெரீஃப்கிட்ட. நீங்க கேட்டா, நான் உங்களுக்கு ஒரு நல்ல வக்கீலை..."

"ஆறு மாட்டுக்கும் தீனி போட்டாச்சு," என்றாள் லொரீன். "வாங்க, போகலாம்."

*

மாலை ஐந்து மணி. ஷெரீஃப் அலுவலகத்தின் முன்கூடத்தில் துணை அதிகாரி ராஸ்முசன் வெளியேறும் அவசரத்தில் மேலங்கியின் ஒரு கையை மாட்டியிருந்தார். கூடத்தின் பின்சுவரை ஒட்டியே காவல் அறைகள்; நடுவே ஒரு கம்பிக் கதவு, ஒரு நடை.

லொரீன் சொன்னாள். முதலிலிருந்து, நிறுத்தாமல், குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

ராஸ்முசன் பெருமூச்சு விட்டார். "லொரீன், வீட்டுக்குப் போங்க. புருஷன் உள்ள போறப்ப ஒவ்வொரு பெண்சாதியும் இங்க வந்து இப்படித்தான் நிக்குது. போன மாசம் ஒருத்தி, அவ புருஷன் திருடின டிராக்டரைத் தான்தான் ஓட்டினேன்னா. அவளுக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாது."

எமில் தாளை மேசைமேல் வைத்தார். ராஸ்முசன் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். மேலங்கியிலிருந்து கையை உருவிக்கொண்டு மறுபடி அமர்ந்தார். இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார்.

"இறந்தவர் பேரு?" என்றார். படிவத்தைப் பார்த்தே கேட்டார். விடையை எதிர்பார்த்துக் கேட்டதாகத் தெரியவில்லை. "க்ரோனோட ஆள்னு போட்டுக்கறேன்."

"எலியாசர் மெஹியா ரிவாஸ்," என்றாள் லொரீன். "முப்பத்தொண்ணு வயசு. ஹோண்டுராஸ்ல யோரோங்கிற ஜில்லா. மனைவி இருக்காங்க. ரெண்டு பொண்ணு, ஒரு பையன். பையனுக்கு ஒன்றரை வயசு. அவங்க சர்ச் பாதிரியாரைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். பாதியா எழுதாதீங்க, முழுசா எழுதுங்க."

ராஸ்முசன் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு முழுதாக எழுதினார்.

அவர் எழுதி முடிக்குமுன், நடையின் அப்பாலிருந்து கம்பியை அறையும் ஓசை எழுந்தது.

"அவ பொய் சொல்றா!" கர்ட்டிஸின் குரல். வாரக்கணக்கில் பேசாத தொண்டை கரகரத்தது. "ராஸ்முசன்! அவ சொல்றதை எழுதாத! நான்தான் போனேன்! பக்கக் கதவு வழியா போனேன்! ஆர்வினுக்கு எண்ணவே தெரியாது, ஊருக்கே தெரியும்!"

"கர்ட்டிஸ், போதும்!" என்று லொரீன் கூவினாள். "ஆர்வின் எழுதிக் கொடுத்துட்டாரு! போதும் விடுங்க!"

"வீட்டுக்குப் போ லொரீன்! வீட்டுக்குப் போடி!"

ராஸ்முசன் பேனாவை மூடினார். இரண்டு பேரின் ஒப்புதலும் ஒரு தாளும் அவர் முன் கிடந்தன. எதை எதன்மேல் வைப்பது என்று அறியாதவர்போல் அவற்றைப் பக்கம் பக்கமாக அடுக்கினார்.

"நாளைக்கு ஒன்பது மணி விசாரணையை நிறுத்தச் சொல்றேன்," என்றார் எமிலிடம். "அதுக்கு மேல என்னால முடியாது. கர்ட்டிஸ் மாத்திச் சொல்ற வரைக்கும் அவரை விடமாட்டாங்க. இவங்க சொன்னதுக்கப்புறம் இவங்களையும் விட முடியாது."

"எவ்வளவு நாள்?" என்றாள் ரோண்டா.

"ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் காப்பாத்தறதை நிறுத்தற வரைக்கும்."

லொரீன் மோதிரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். கேளாமலே கைகளை நீட்டினாள். "ஒரு அஞ்சு நிமிஷம் அவர்கிட்டப் பேசலாமா? நான் சொன்னா கேப்பாரு."

"முடியாதும்மா," என்றார் ராஸ்முசன், கண்களைத் தாழ்த்திக்கொண்டு. "இனிமே ஒரே வழக்குல ரெண்டு பேர். பார்க்க விடமாட்டாங்க."

அவர் அவளைக் கம்பிக் கதவின் வழியே அழைத்துச் சென்று, பெண்களுக்கான வலப்பக்கத்து நடைக்குத் திருப்பினார். இடப்பக்கத்து நடையிலிருந்து கர்ட்டிஸ் அவள் பெயரைச் சொல்லி அழைத்துக்கொண்டே இருந்தார். அவள் விடை சொல்லவில்லை. கதவு ஒன்று திறந்து மூடும் ஓசை கேட்டது.

அதற்குப் பிறகும் அவர் அழைத்துக்கொண்டே இருந்தார். எமில் தொப்பியைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றார். ரோண்டா அவர் முழங்கையைத் தொட்டாள்.

"பாஸ். வாங்க."

"கொஞ்சம் இரு," என்றார் எமில். "அவர் நிறுத்தட்டும்."

அவர் நிறுத்தவில்லை.